மகள் ஜெயித்த செஸ் ஆட்டத்தில் ஸ்டாக்ஃபிஷ் இன்ஜின் மைனஸ் 5 காட்டுகிறது, ஏன்?

அப்பா_64: அவசரம், நாளைக் காலை கோச்சிங் இருக்கிறது. மகள் போட்டியில் வெள்ளையில் ஆடி ஜெயித்த ஆட்டத்தை லிச்செஸ் செஸ் தளத்தில் ஏற்றிப் பார்த்தேன். நடு ஆட்டம் வரை சமம், அப்புறம் திடீரென்று மைனஸ் 5, அதாவது கறுப்பு ஜெயிக்கும் நிலையாம். அவள் தப்பாக எதுவும் ஆடவில்லை. எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?

ஓரச்_சிப்பாய்: எத்தனையாவது மூவ்? டெப்த், அதாவது இன்ஜின் கணக்கிட்ட ஆழம், எவ்வளவு? போனா, கம்ப்யூட்டரா? ஆட்டத்தைப் போடாமல் என்னத்தைச் சொல்வது?

டெப்த்_40: மாதம் ஒருமுறை இந்தக் கேள்வி வந்துவிடும். பிரௌசரில் ஓடும் இன்ஜின் டெப்த் 18இல் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொண்டால் இப்படித்தான். ஸ்டாக்ஃபிஷை இறக்கி, ஹாஷ் (மெமரி), த்ரெட் (ப்ராசஸர்) எல்லாம் ஒழுங்காக வைத்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள். அப்புறம் பேசலாம்.

பழைய_கடிகாரம்: பதிப்பைப் பாருங்கள். 2020இல் 12ஆம் பதிப்பில்தான் நியூரல் நெட்வொர்க் வந்தது. முந்தையதும் பிந்தையதும் ஒரே நிலைக்கு வேறு வேறு எண் சொல்லும். 15.1இலிருந்து எண்ணின் பொருளே வேறு. பிளஸ் 1 என்றால் ஒரு சிப்பாய் அதிகம் என்பதல்ல, ஜெயிக்கப் பாதி வாய்ப்பு.

ஓரச்_சிப்பாய்: அதற்காக ஐந்து புள்ளியா மாறும்?

நாலாம்_போர்டு: குழந்தைக்கு உடனே இன்ஜினைக் காட்டுவதுதான் முதல் தப்பு. எங்கே பயந்தாள், எங்கே நேரம் போனது என்று முதலில் அவள் கையால் எழுதட்டும். 2014 சோச்சி உலக சாம்பியன்ஷிப் 6ஆவது ஆட்டம் நினைவிருக்கிறதா? கார்ல்சன் 26ஆவது மூவில் ராஜாவை டி2க்கு வைத்தார். ஆனந்த் குதிரையால் இ5 சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டம் அவர் பக்கம் திரும்பியிருக்கும். ஆனந்த் ஏ4 தள்ளினார். இன்ஜினைத் திறந்து வைத்திருந்தவன் எல்லாம் ‘எப்படி விட்டார்’ என்று கத்தினான். மூடிவிட்டு உட்கார்ந்திருந்தால் நமக்கும் தெரிந்திருக்காது.

பழைய_கடிகாரம்: அந்த இருவரும் இன்ஜின் இல்லாமலா தயாரித்துக்கொண்டு வந்தார்கள்?

நாலாம்_போர்டு: தயாரிப்பு வேறு, பத்து வயதில் கற்பது வேறு.

டெப்த்_40: கேள்வி கேட்டவர் எங்கே? வழக்கம்போல மாயம்.

அப்பா_64: மன்னிக்கவும், சாப்பிடப் போயிருந்தேன். வயது பதினொன்று. போன்தான். அவள் எழுதிய தாளைப் பார்த்து அனாலிசிஸ் போர்டில் ஒவ்வொரு மூவாக நானே தட்டினேன். 17ஆவது மூவ் யானை டி1, அங்கேதான் எண் விழுகிறது. கறுப்பின் சி5 பிஷப் எஃப்2 சிப்பாயை செக்கோடு வெட்டுவதாக அம்புக்குறி வருகிறது. இன்னொன்று, 21இல் ‘யானை எஃப்-இ1’ என்று எழுதியிருக்கிறாள், அதைப் போட முடியவில்லை, எஃப்1இல் யானையே இல்லை. டி1இல் இருந்ததை இ1க்குத் தள்ளிவிட்டு அதோடு நிறுத்திவிட்டேன். குழந்தை எழுத்து, ஏதோ பிழை.

ஓரச்_சிப்பாய்: பிழை குழந்தையுடையது இல்லை சார்! 17இல் ஏ1 யானையும் டி1க்கு வரலாம், எஃப்1 யானையும் வரலாம். தாளில் எது என்று எழுதவில்லை. நீங்கள் எஃப்1இல் இருந்ததை நகர்த்திவிட்டீர்கள். அவள் ஆடியது ஏ1 யானை. அதனால்தான் 21இல் எஃப்1இல் ஒரு யானை மிச்சம் இருக்கிறது. அந்த யானை எஃப்2வைக் காத்துக்கொண்டிருந்தது. உங்கள் போர்டில் ராஜா மட்டும்தான் காவல், பிஷப் புகுந்துவிட்டது.

டெப்த்_40: இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், தவறான நிலையை ஆழமாகப் பார்த்துப் பயனில்லை.

பழைய_கடிகாரம்: அரை மணி நேரம் ஓடவிடச் சொன்னது யார்?

அப்பா_64: மாற்றிவிட்டேன், பிளஸ் 0.4. அவளிடம் கேட்டேன், “ஆமாம்பா, ஏ யானைதான்” என்கிறாள். மீதியையும் போட்டேன். 24இல் குதிரையை இலவசமாக விட்டிருக்கிறாள், எதிராளியும் பார்க்கவில்லை. நன்றி.