8 மைக், 22 குரல்: இசை நாடகத்துக்கு ஒலி யோசனை வேண்டும்

வணக்கம். கில்பர்ட் எழுதி சல்லிவன் இசையமைத்த 'தி பைரட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்' (1879) என்ற நகைச்சுவை இசை நாடகத்தைத் தன்னார்வக் குழுவாக மேடையேற்றுகிறோம். ஒரு பியானோ, பாடுவோர் 22 பேர், கம்பியில்லா மைக் 8.

அதில் மேஜர் ஜெனரல் பாத்திரம் பாடும் வேகப்பாட்டுதான் பெரிய கவலை. ஒரு சொல் மழுங்கினாலும் சிரிப்பு போய்விடும். மைக்கைச் சட்டையில் குத்தினால் தலை திரும்பும்போது சத்தம் குறைகிறது. அதனால் நெற்றியில், முடி தொடங்கும் இடத்தில், மருத்துவ டேப்பால் ஒட்டுகிறோம். அங்கே வியர்வை இறங்கி ஒலி மங்குகிறது, தொப்பி விளிம்பு உரசிக் கரகரக்கிறது. காதில் மாட்டிக் கன்னத்தோரம் வரும் மைக் இதைவிட நல்லதா?

காதலர்களான மேபலும் ஃபிரெடெரிக்கும் நெருங்கி நின்று பாடும்போது இருவர் குரலும் இரண்டு மைக்கிலும் சற்று முன்பின்னாக விழுந்து, குடத்துக்குள் பாடுவதுபோல் கேட்கிறது. ஒரு மைக்கின் ஒலியைக் குறைத்தால் சரியாகிறது.

கூட்டப் பாட்டுக்கு மேடை விளிம்பில் 2 தரை மைக். இரண்டாம் அங்கத்தில், சத்தமில்லாமல் பதுங்குவதாகப் பாடிக்கொண்டே கொள்ளையர்கள் தரையதிர மிதிப்பார்கள். அங்கே பூட்ஸ்தான் கேட்கிறது. அடியில் பஞ்சு வைத்து, 120 ஹெர்ட்ஸுக்குக் கீழான அடி ஒலிகளை வெட்டியும் போதவில்லை. மைக்கை மேலே தொங்கவிட்டால் ஸ்பீக்கர் ஊளையிடுமா? செய்து பார்த்தவர்கள் உயரமும் மைக் வகையும் சொல்லுங்கள்.