பார்க்கின்சன் மாத்திரை அலாரம் மதியம் மட்டும் அடிக்கவில்லை: கோளாறு போனிலா, மருந்திலா?

குடியாத்தம்67: எங்க நைனாவுக்கு பார்க்கின்சன். சின்டோபா பிளஸ், காலை 6, 10, மதியம் 2, மாலை 6. நினைவூட்டும் ஆப் ஒன்று போட்டிருக்கோம், ஆண்ட்ராய்டு 14. காலை 6 மணிக்கு டாண்னு அடிக்குது. 2 மணிக்கு மூச்சு விடறதில்லை; யாராவது போனைக் கையில எடுத்தா அப்பதான் கத்துது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல கால் தரையோட ஒட்டின மாதிரி நின்னுடறார். அடிச்சாலும் பக்கத்து விசைத்தறி சத்தத்துல கேக்காது. கை நடுக்கத்துல 'எடுத்தாச்சு' பட்டன் ரெண்டு தடவை விழுது. அடுத்த வாரம் வேலூர்ல நரம்பு டாக்டர். டோஸ் ஏத்தச் சொல்லட்டுமா?

காட்பாடி_சர்வீஸ்: ராத்திரி போன் சார்ஜில்தானே இருக்கும்? அதனால்தான் 6 மணி அலாரம் மட்டும் சரியாக அடிக்கிறது. சார்ஜர் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் கிடந்தால் ஆண்ட்ராய்டு ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய்விடும். 2015-ல் ஆண்ட்ராய்டு 6-ல் வந்த ஏற்பாடு இது. துல்லிய அலாரம் அனுமதி இல்லாத ஆப்களின் மணியை அது தள்ளிப்போடும். போனைத் தூக்கியதும் விழித்துக்கொண்டு, தேங்கியதைக் கத்தித் தீர்க்கும். நீங்கள் சொல்வது அப்படியே அதுதான்.

முதலில் செட்டிங்ஸ் → ஆப்ஸ் → ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ் → அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ். அங்கே ஆப்புக்கு அனுமதி கொடுங்கள். ஆண்ட்ராய்டு 14-ல் புதிதாக இறக்கும் பெரும்பாலான ஆப்களுக்கு இது தானாகக் கிடைக்காது. அடுத்து ஆப்பின் பேட்டரி பகுதியில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்'. சில கம்பெனி போன்களில் 'ஆட்டோஸ்டார்ட்' என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் போன் அணைந்து எழுந்த பிறகு ஒரு அலாரமும் வராது.

வீட்டில் யாராவது சதுரப் பட்டனைத் தட்டி எல்லாவற்றையும் 'கிளியர் ஆல்' செய்கிறார்களா? சில போன்களில் அது ஆப்பையே கொன்றுவிடும், மறுபடி திறக்கும்வரை மணி அடிக்காது.

சோதிக்கும்போது போனைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிட அலாரம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. சார்ஜரைப் பிடுங்கி, மேசைமேல் இரண்டு மணி நேரம் தொடாமல் போட்டு வையுங்கள்.

பட்டன் இரண்டு தடவை விழுவதற்கு ஆக்சசிபிலிட்டியில் 'டேப் டியூரேஷன்', 'இக்னோர் ரிப்பீட்டட் டச்சஸ்' என்று தேடுங்கள். எல்லா போனிலும் இருக்காது. இருந்தால் அரை வினாடியில் தொடங்கிப் பாருங்கள்.

குடியாத்தம்67: அலாரம் அனுமதி அணைஞ்சுதான் இருந்தது. தறிச் சத்தத்துக்கு வழி?

காட்பாடி_சர்வீஸ்: கையில் கட்டும் பேண்ட். ஆனால் போனிலிருந்து வரும் அறிவிப்பை நம்பாமல், பேண்டுக்குள்ளேயே நாலு அலாரம் வையுங்கள். போன் தூங்கினாலும் அது அதிரும். நடுக்கம் குறைந்த கையில் கட்டினால்தான் அதிர்வு தெரியும். அது காட்டும் காலடிக் கணக்கை மட்டும் டாக்டரிடம் நீட்டாதீர்கள்: நடுக்கத்தையும் நடை என்று எண்ணும், கை வீசாமல் நடந்தால் எண்ணாமலும் விடும்.

ராணிப்பேட்டை_மருந்தகம்: டோஸ் பேச்சுக்கு முன்னால் ஒரு கேள்வி: மதியச் சாப்பாடு எத்தனை மணிக்கு, தட்டில் என்ன?

குடியாத்தம்67: ஒண்ணரைக்கு. பருப்பு, முட்டை, ஞாயிறுன்னா கறி.

ராணிப்பேட்டை_மருந்தகம்: அப்போது போன் பாதி, தட்டு பாதி. சின்டோபாவில் இருக்கும் மருந்தான லெவோடோபா குடலைத் தாண்டவும் மூளைக்குள் நுழையவும் புரதத்தின் அமினோ அமிலங்கள் போகும் அதே வாசலில்தான் நிற்க வேண்டும். கறிச்சோற்றுக்குப் பின்னால் போன மாத்திரை வரிசையில் கடைசி. மாத்திரை 2 மணிக்கு, சோறு இரண்டரைக்கு என்று மாற்றுங்கள். சாப்பிட்ட பிறகுதான் என்றால் குறைந்தது ஒரு மணி நேரம் போகட்டும். புரதத்தை அறவே நிறுத்திவிடாதீர்கள், உடம்பு இளைத்துவிடும். முட்டை, கறியை இரவுக்குத் தள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் இரண்டு மணி இடைவெளி.

ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்குச் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது. தானாக நிறுத்தவே கூடாது, அது ஆபத்து. சொல்லி வைக்கிறேன், வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு கடையில் கேட்டு வாங்காதீர்கள். பார்க்கின்சனை அது கூட்டும்.

ஆற்காடு_பிசியோ: டாக்டரிடம் போகும் முன் மூன்று நாள் குறிப்பு எடுங்கள். ஆப் வேண்டாம், ஒரு கோடு போட்ட தாள் போதும். அரை மணிக்கு ஒரு கட்டம், நாளுக்கு 48. ஒவ்வொன்றிலும் தூக்கம், ஆஃப் (மருந்து பிடிக்காத நேரம்), ஆன் (மருந்து பிடித்திருக்கும் நேரம்), ஆன்தான், ஆனால் உடம்பு தானாக நெளிகிறது, அந்த நெளிவு தொல்லையாக இருக்கிறது என்ற ஐந்தில் ஒன்று. நடுக்கத்தையும் நெளிவையும் குழப்பிக்கொள்ள வேண்டாம், இரண்டுக்கும் மருத்துவம் நேரெதிர். பக்கத்தில் மாத்திரை விழுங்கிய உண்மையான நேரம், சாப்பிட்ட நேரம். ஆப் பதிவு செய்வது பட்டன் அழுத்திய நேரத்தைத்தான்.

கூடவே அரை நிமிட வீடியோ இரண்டு, ஒன்று நன்றாக இருக்கும்போது, ஒன்று நாலரை மணிக்கு. மடியில் கை, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தட்டுவது, நாற்காலியிலிருந்து எழுவது, நடந்து திரும்புவது. பாதம் தெரிய வேண்டும். எல்லாரும் முகத்தைத்தான் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

கால் ஒட்டும்போது இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். நிற்கச் சொல்லி, எடையை ஒரு காலுக்கு மாற்றி, தரையில் ஒட்டிய டேப் கோட்டைத் தாண்டச் சொல்லுங்கள்.

குடியாத்தம்67: ரெண்டு மணி நேரம் போட்டு வெச்சோம், அடிச்சுது. சாப்பாட்டு நேரம் இன்னிலேர்ந்து மாத்தறோம். நாலு மணிக்கு இன்னும் நின்னா?

ராணிப்பேட்டை_மருந்தகம்: நேரத்துக்குப் போட்டும் மூன்று நாள் தாளில் அதே இடத்தில் ஆஃப் விழுந்தால், டோஸ் பேச்சு நியாயம்தான். தாளையே நீட்டுங்கள். இடைவெளியைச் சுருக்குவதா, வேறு மருந்து சேர்ப்பதா என்பதை டாக்டர் அதைப் பார்த்து முடிவு செய்வார்.