சட்ட ஆங்கிலத்தில் வரும் லத்தீன், பிரெஞ்சுச் சொற்களைப் படிக்க வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை இந்த ஆண்டு சட்டக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். பள்ளி முழுக்கத் தமிழ்வழி. ஆங்கிலப் பாடத்தை எப்படியோ படித்துவிடுகிறாள். நடுவில் வரும் லத்தீனும் பிரெஞ்சும்தான் மிரட்டுகின்றன.

அரசியலமைப்பின் 32, 226ஆம் பிரிவுகளோடு வரும் ஹேபியஸ் கார்பஸ் பரவாயில்லை, ஆட்கொணர்வு மனு என்று செய்தித்தாளில் பார்த்துப் பழகியதுதான். ரெஸ் ஜூடிகாட்டாவும் அப்படியே: முடிந்துபோன வழக்கையே மறுபடி தொடுக்க முடியாது என்று விளக்கியதும் பிடித்துக்கொண்டாள். பிரெஞ்சு வழி வந்தவைதான் பெரிய தொல்லை. நார்மன்கள் 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு நீதிமன்றத்துக்குள் நுழைந்த மொழி அது. எழுத்து ஒன்று, உச்சரிப்பு வேறு. உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி அல்லாத நீதிபதிகளை ‘ப்யூனி’ என்பார்கள். எழுதும்போது நடுவில் எஸ் உண்டு, சொல்லும்போது கிடையாது. வகுப்பில் வாய்விட்டுப் படிக்கவே தயங்குகிறாள், எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பட்டியலை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தீர்ப்புகளைப் படித்தபடியே சொல் சேர்ப்பதுதான் நிலைக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் எளிய நடையில் உள்ள எந்தத் தீர்ப்பில் தொடங்கலாம்? உச்சரிப்பை ஒலியோடு தரும் சட்ட அகராதி ஏதாவது இருக்கிறதா? தமிழ்வழியில் படித்து வழக்கறிஞரானவர்கள் நீங்கள் செய்ததைச் சொன்னால் இன்னும் நல்லது.