கட்டம்போட்ட மேசையும் கணக்குக் குச்சியும்

கேள்வி:
12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசருக்கு வரவேண்டிய பணத்தைக் கட்டம்போட்ட துணி விரித்த மேசையில் கணக்கிட்டார்களாம். ஏட்டிலேயே கூட்டிக் கழிக்காமல் மேசை எதற்கு? பணம் கட்டியவருக்கு ரசீது உண்டா?

மறுமொழி 1:
ரோமானிய எண்களில் கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. ஆகவே 10 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள மேசையில் பென்னி, ஷில்லிங், பவுண்டு எனப் பத்தி பிரித்து, மாவட்ட அதிகாரியான ஷெரிஃப் கட்டவேண்டியதை ஒரு வரிசையிலும் கட்டியதை அதன் கீழும் காசுகளாக அடுக்கினார்கள். எழுத்தறியாதவருக்கும் பாக்கி கண்ணெதிரே தெரியும். முடிவு மட்டுமே தோல் சுருளில் ஏறியது. எஞ்சியுள்ள சுருள்களில் மிகப் பழையது 1130ஆம் ஆண்டுக்குரியது.

மறுமொழி 2:
ரசீது ஒரு மரக்குச்சி. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலம், நூறுக்குக் கட்டைவிரல் அகலம், ஒரு பவுண்டுக்கு முற்றிய வாற்கோதுமை மணியளவு எனக் குச்சியின் குறுக்கே வெட்டுக்குறி இட்டு, அதை நெடுக்காகப் பிளந்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொண்டார்கள். ஒருவர் தம் பாதியில் கள்ளத்தனமாக வெட்டினாலும் மற்றப் பாதியோடு பொருந்தாது; காகித ரசீதைவிட இதுவே பாதுகாப்பானது என்பேன். (பழைய குச்சிகளை 1834இல் எரித்தபோதுதான் நாடாளுமன்றக் கட்டடமே தீக்கிரையானது.)

மறுமொழி 3:
ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஷெரிஃப் பெரும்பாலும் குத்தகைக்காரர் போன்றவர். மாவட்டத்துக்கென விதித்த தொகையைக் கட்டிவிட்டால், அதற்கு மேல் வசூலித்தது அவருக்கே. குடிகளின் புலம்பலுக்கு அதுவே வேர். ஈஸ்டரில் ஒரு பகுதியைக் கட்டி, செப்டம்பர் இறுதியில் வரும் மிக்கேல் திருநாளை ஒட்டிக் கணக்கை முடிப்பார். சில வகை வரவுகளில் காசை உருக்கி வெள்ளியின் தரமும் பார்த்தார்கள்.