புதுப்பிப்பு: ஃபொஸ்டர் வீட்டில் பெற்ற பிள்ளை: அன்று நான், இனி என் மகன்

முன்பு எழுதியிருந்தேன்: லண்டனில் அம்மாவும் அப்பாவும் ஃபொஸ்டர் பெற்றோராக, அதாவது சொந்தக் குடும்பத்தோடு இருக்க முடியாத பிள்ளைகளைத் தற்காலிகமாக வீட்டில் வைத்து வளர்ப்பவர்களாக இருந்தார்கள்; நான் அவர்கள் பெற்ற பிள்ளை. இப்போது நானும் கணவரும் ஃபொஸ்டர் பெற்றோராக விண்ணப்பித்திருக்கிறோம். ஒன்பது வயது மகனை எப்படித் தயார்படுத்துவது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

சமூகப் பணியாளர் வந்து மகனோடு தனியாகப் பேசினார். சின்ன வயதில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவன் கேட்டது ஒன்றுதான்: "வாற பிள்ளை திரும்பிப் போகேக்க எனக்கு முதலே சொல்லுவீங்களோ?"

என் மனதில் இத்தனை வருடமாகக் கிடப்பதும் அதுதான். தங்கச்சி என்றே நான் கூப்பிட்ட ஒரு பிள்ளை, நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் இல்லை. ஏன் போனாள் என்பதும் ரகசியம். அம்மாவும் அன்றைக்கு அழுதுகொண்டுதான் இருந்தார். துக்கப்பட எனக்கு உரிமை உண்டா என்றுகூட அப்போது தெரியவில்லை. பெற்ற பிள்ளைக்கும் அது பிரிவுதான்.

இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டப்படி, உடன்பிறப்புகளாக இல்லாவிட்டால் ஒரு வீட்டில் பொதுவாக மூன்று ஃபொஸ்டர் பிள்ளைகள்தான். நாங்கள் ஒருவரை மட்டும், அதுவும் மகனைவிட இளையவரைத்தான் கேட்டிருக்கிறோம். அக்டோபரில் ஃபொஸ்டரிங் நெட்வொர்க் என்ற தொண்டு அமைப்பு நடத்தும் 'மகன்கள், மகள்கள் மாதம்' பற்றிச் சொன்னவர்களுக்குத் தனி நன்றி. மகனைப் போன்ற பிள்ளைகளுக்காகவே அது இருக்கிறது.

அப்புறம், வரும் பிள்ளை திரும்பிப் போவதை முடிந்தவரை முன்கூட்டியே சொல்லி, விடைபெற நேரம் தர வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம். அப்படிக் கேட்டு வாங்கியவர்கள் இருந்தால் எப்படி என்று சொல்லுங்கள். எங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அனுமதிக் குழுக் கூட்டம் முடிந்ததும் எழுதுகிறேன்.