டோக்டோ போராட்டப் படங்களுக்குக் குறிப்பு எழுத உதவி தேவை

கேட்டவர்: மாறன்_தொகுப்பு

வணக்கம். கொரியா–ஜப்பான் தீவுத் தகராறு பற்றிய படத்தொகுப்பு ஒன்றுக்குத் தமிழில் குறிப்பு எழுத வேண்டும். கையில் நாலு படங்கள். சியோலில் ஜப்பான் தூதரகத்துக்கு எதிரே ஒரு தாயும் மகனும் விரலை வெட்டிக்கொண்ட நாளில் எடுத்தது முதல் படம். இரண்டாவதில் பறவைகளைக் கொன்று போட்டிருக்கிறார்கள். மூன்றாவதில் கொடி எரிகிறது. நான்காவதில் ஒரே ஓர் ஆள் பதாகை பிடித்துத் தனியாக நிற்கிறார்.

படங்களோடு வந்த கோப்பில் நாலுக்கும் சேர்த்து ஒரே வரி: "2005, தடையை மீறிய கோபக்காரக் கும்பல்." இதை அப்படியே போட மனம் வரவில்லை. இவை ஒரே சமயத்தில் நடந்தவையா? தூதரக வாசலில் இதையெல்லாம் எப்படி அனுமதிக்கிறார்கள்? விரலை வெட்டும் அளவுக்கு ஏன் போகிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: கீழைக்கடல்

தீவின் அளவிலிருந்து தொடங்குங்கள், படிப்பவருக்கு விஷயத்தின் கனம் அப்போதுதான் புரியும். டோக்டோ (ஜப்பானியருக்குத் தகேஷிமா) என்பது கிழக்கு, மேற்கு என்று இரண்டு பாறைத் தீவுகளும் சுற்றிலும் 89 சிறு பாறைகளும். மொத்தப் பரப்பு 1,87,554 சதுர மீட்டர், அதாவது சுமார் 46 ஏக்கர். கொரியாவின் உல்லுங்டோ தீவிலிருந்து 87.4 கி.மீ., ஜப்பானின் ஒகி தீவுகளிலிருந்து 157.5 கி.மீ. இப்போது தென்கொரியாவின் கையில் இருக்கிறது. அங்கே காவலுக்கு இருப்பது ராணுவம் அல்ல, காவல்துறை. இதை வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள்: தங்கள் மண்ணில் தங்கள் போலீஸ், அவ்வளவுதான் என்று காட்ட.

46 ஏக்கர் பாறைக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்? விடை 1905 என்ற ஆண்டில் இருக்கிறது. அந்த ஆண்டு பிப்ரவரி 22 அன்று ஜப்பானின் ஷிமானே மாகாணம் 40ஆம் எண் அறிவிப்பின் மூலம் தீவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில் கொரியா ஜப்பானின் பாதுகாப்பில் உள்ள நாடாக்கப்பட்டது. 1910இல் முழுதாக விழுங்கப்பட்டது. ஆகவே ஜப்பானுக்கு இது எல்லைத் தகராறு. கொரியருக்கோ நாடு பறிபோனதன் முதல் துண்டு. கொரியத் தரப்பு 1900 அக்டோபர் 25 தேதியிட்ட 41ஆம் எண் அரச ஆணையைக் காட்டும். அதில் உள்ள 'சொக்டோ' என்ற பெயர் இந்தப் பாறைகளைத்தான் குறிக்கிறதா என்பதில் ஜப்பான் தகராறு செய்கிறது. 1951 சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தம் கொரியாவுக்குத் திரும்பும் தீவுகளில் மூன்றைப் பெயர் சொல்லிக் குறித்தது, இதைச் சொல்லவில்லை. 1952 ஜனவரியில் கொரிய அதிபர் சிங்மன் ரீ கடலில் கோடு கிழித்துத் தீவைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். ஜப்பான் 1954இலும் 1962இலும் 2012இலும் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றது. தகராறே இல்லாத மண்ணுக்கு வழக்கு எதற்கு என்பது கொரியாவின் பதில்.

இனி உங்கள் படங்கள். இந்தப் போராட்டங்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு நாள்காட்டியே உண்டு. பிப்ரவரி 22, ஷிமானேயின் 'தகேஷிமா நாள்'. வசந்தத்தில் ஜப்பானியப் பாடநூல் பரிசீலனை முடிவுகள். கோடையில் ஜப்பானியப் பாதுகாப்பு வெள்ளை அறிக்கை. ஆகஸ்ட் 15, கொரிய விடுதலை நாள். தேதி தெரியாத படம் கையில் வந்தால் முதலில் உடையைப் பாருங்கள்: கனத்த குளிர்மேலாடை பிப்ரவரி–மார்ச், அரைக்கைச் சட்டை ஜூலை–ஆகஸ்ட். ஆண்டு தெரியாது, ஆனால் எந்தத் தூண்டுதல் என்பது பாதி விளங்கிவிடும்.

விரல் சம்பவம் 2005 மார்ச். அது அந்த மாகாணச் சேர்ப்பின் நூற்றாண்டு. ஷிமானே சட்டமன்றம் தகேஷிமா நாள் சட்டத்தை மார்ச் 16 அன்று நிறைவேற்றியது; விரல் வெட்டு அதே வாரத்தில், அதற்குச் சற்று முன்னால். இரு நாடுகளும் அந்த 2005ஐ நட்புறவு ஆண்டு என்று அறிவித்திருந்தன என்பதையும் குறிப்பில் சேருங்கள்.

ஏன் விரல்? 1909இல் கொரிய விடுதலைப் போராளி ஆன் ஜுங்-கன் தோழர்கள் பதினோரு பேரோடு சேர்ந்து இடக்கை மோதிர விரலின் நுனியை வெட்டிச் சபதம் எடுத்தார். அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் முன்னாள் பிரதமர் இதோ ஹிரோபுமியைச் சுட்டுக் கொன்றார். ஆனின் தூரிகை எழுத்துகளின் ஓரத்தில் முத்திரைக்குப் பதிலாகக் கறுப்பு மையில் பதித்த உள்ளங்கை இருக்கும். மோதிர விரல் சுண்டு விரல் அளவுக்குக் குட்டையாக. கொரியாவில் அந்தக் கையை அறியாதவர் அரிது. வாசலில் விரலை வெட்டிக்கொண்டவர்கள் அந்தக் கையைத்தான் தங்கள் நாட்டாருக்குக் காட்டினார்கள். 2001 ஆகஸ்டில், ஜப்பானியப் பிரதமர் கொய்சுமி, போர்க்குற்றவாளிகளையும் சேர்த்து வணங்கும் யாசுகுனி ஆலயத்துக்குப் போனபோதும் சியோலில் இருபது ஆண்கள் விரல் நுனியை வெட்டிக்கொண்டார்கள். "வெறி பிடித்த கூட்டம்" என்று எழுதினால் இந்தத் தொடர்ச்சி முழுதும் காணாமல் போகும். அதற்காக இதை வீரம் என்றும் எழுதாதீர்கள். இழந்த விரல் இழந்ததுதான். காயம் தெரியும் படமாக இருந்தால் போடவே வேண்டாம். பதாகையும் முகங்களும் தெரியும் படம் போதும்.

பதில் 2: விதிப்புத்தகம்

"எப்படி அனுமதிக்கிறார்கள்" என்ற கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

1961 வியன்னா உடன்படிக்கை, பிரிவு 22: தூதரகத்தின் அமைதியும் கண்ணியமும் கெடாமல் பார்த்துக்கொள்வது தூதரகம் அமைந்த நாட்டு அரசின் சிறப்புக் கடமை. கொரியாவின் கூட்ட, ஆர்ப்பாட்டச் சட்டம் 11ஆம் பிரிவு தூதரகத்திலிருந்து 100 மீட்டருக்குள் கூட்டம் கூடுவதை முன்பு முழுதாகத் தடுத்தது. 2003இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த முழுத்தடை செல்லாது என்றது. 2004இல் சட்டம் திருத்தப்பட்டு விலக்குகள் வந்தன: அந்தத் தூதரகத்தைக் குறிவைக்காதது, அல்லது பெருங்கூட்டமாக மாறும் அபாயம் இல்லாதது, அல்லது தூதரக வேலை இல்லாத விடுமுறை நாளில் நடப்பது. வெளியிடத்தில் கூடும் கூட்டமானால், அது தொடங்குவதற்கு 720 மணி நேரம் முன்பிருந்து 48 மணி நேரம் முன்பு வரை என்ற வரம்புக்குள் காவல்நிலையத்தில் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அனுமதி கேட்பது அல்ல, அறிவிப்பது. தமிழில் நிறையப் பேர் இங்கேதான் தப்பு விடுகிறார்கள்.

இப்போது உங்கள் நான்காவது படம். ஒருவர் தனியாக நின்றால் அது சட்டப்படி 'கூட்டம்' ஆகாது. அறிவிப்பும் வேண்டாம், 100 மீட்டரும் பொருந்தாது. அதனால்தான் 'ஒருவர் போராட்டம்' என்பதே அங்கு தனி வடிவமாக வளர்ந்தது. ஒருவர் போனதும் அடுத்தவர் வந்து நிற்பார். கோளாறு வருவது ஆள் மாறும் நேரத்தில்: இருவரும் பதாகையோடு சேர்ந்து நின்றால் போலீஸ் அதைக் கூட்டமாகக் கணக்கெடுக்கும். இன்னொரு வடிவம் பத்திரிகையாளர் சந்திப்பு. அறிக்கை வாசிக்கலாம். எல்லோரும் சேர்ந்து முழக்கம் போடத் தொடங்கினால் அது அறிவிக்காத ஆர்ப்பாட்டமாகிவிடும், வழக்கு வரும்.

கொடி எரிப்பு: கொரியக் குற்றவியல் சட்டம் 109ஆம் பிரிவு வெளிநாட்டுக் கொடியை அவமதித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 30 லட்சம் வொன் வரை அபராதம் என்கிறது. ஆனால் அது பேசுவது அதிகாரபூர்வப் பயன்பாட்டில் உள்ள கொடியைப் பற்றி. போராட்டக்காரர் தாமே அச்சடித்துக் கொண்டுவரும் துணிக்கோ காகிதத்துக்கோ அது எட்டாது. ஜப்பானிலும் 92ஆம் பிரிவு உண்டு: இரண்டு ஆண்டு அல்லது 2 லட்சம் யென், சம்பந்தப்பட்ட வெளிநாட்டு அரசு கேட்டால்தான் வழக்கு நடக்கும்.

எரிவது எந்தக் கொடி என்று உற்றுப் பாருங்கள். வெள்ளையில் சிவப்பு வட்டம் மட்டும் என்றால் தேசியக் கொடி. பதினாறு கதிர்கள் விரிந்தால் உதயசூரியக் கொடி, ராணுவக் கொடி. கொரியருக்கு இரண்டும் ஒன்றல்ல. குறிப்பிலும் ஒன்றாகக் கூடாது.

மாறன்_தொகுப்பு:

இருவருக்கும் நன்றி. நான்காவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தனியாக நிற்பவருக்குப் பின்னால் ஒரு வெண்கலச் சிறுமி சிலை, நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி. கோப்பில் 2005 என்றுதான் இருக்கிறது. சரியா?

பதில் 3: பித்தளைப்பூட்டு

தப்புங்க. அந்தச் சிலை வச்சது 2011 டிசம்பர் 14, தூதரகம் எதிரே வாராவாரம் நடந்த புதன்கிழமைப் போராட்டத்தின் ஆயிரமாவது நாள். தோள்ல ஒரு பறவை, பக்கத்துல காலி நாற்காலி, வெறுங்கால், குதிகால் தரையில படாம தூக்கி நிக்கும். இத்தனையும் பொருந்தினா படம் 2011 கடைசிக்கு முன்னாடி எடுத்ததா இருக்கவே முடியாது. 2015ல தூதரகம் பக்கத்து உயர்மாடிக் கட்டடத்துக்கு மாறி, அப்புறம் பழைய கட்டடத்தை இடிச்சுட்டாங்க. பின்னால பழைய கட்டடம் தெரியுதா, அடைப்புப் போட்ட வெற்றிடம் தெரியுதான்னு பாருங்க, காலம் இன்னும் சுருங்கும்.

இன்னொண்ணு முக்கியம். அந்தச் சிலை தீவுக்காக வச்சது இல்ல. போர்க்காலத்துல ஜப்பானியப் படை பாலியல் அடிமையாக்கின பெண்களுக்காக வச்சது. அதனால பதாகையில என்ன எழுதியிருக்குன்னு கொரிய மொழி தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கேட்காம "டோக்டோ போராட்டம்"னு போட்டுடாதீங்க. ரெண்டு விவகாரமும் ஒரே வாசல்ல நடக்குது, படம் எடுக்கிறவங்களே குழம்புறாங்க. 2012 ஜூன்ல ஒரு ஜப்பானிய வலதுசாரி "தகேஷிமா ஜப்பான் மண்"னு எழுதின கட்டையைக் கொண்டுபோய் இந்தச் சிலை மேலதான் கட்டினார். மறுமாசம் ஒரு கொரியர் லாரியைக் கொண்டுபோய்த் தூதரக வாயில்ல மோதினார்.

பறவைப் படம் 2008 ஜூலை. ஜப்பானியக் கல்வி அமைச்சகம் நடுநிலைப்பள்ளிப் பாடத்திட்ட வழிகாட்டி விளக்கத்துல தீவைச் சேர்த்துச்சு, ஜூலை 14. உடனே கொரியா தன் தூதரை ஜப்பான்லேர்ந்து திரும்ப அழைச்சுக்கிட்டது. கொன்ன பறவை காட்டுக்கோழி வகை, ஜப்பானோட தேசியப் பறவைங்கிறதால. ஆனா ஜப்பானோட பறவை பச்சை மார்பு உள்ளது, கழுத்துல வளையம் கிடையாது. கொரியாவுல இயல்பா வாழுற இனத்தோட ஆணுக்குக் கழுத்துல வெள்ளை வளையம் இருக்கும். படத்துல கழுத்து தெரிஞ்சா பார்த்துட்டு எழுதுங்க. ஒரு நாட்டு மேல இருக்கிற கோவத்துக்கு வாயில்லா ஜீவனைப் பலி கொடுத்தது கொடுமை. அதைக் குறிப்புல மென்மையாக்க வேண்டாம், "கொன்றனர்"னே எழுதுங்க.

பதில் 4: வடகாற்று

நாலு படமும் சியோல் என்றால் தொகுப்பு ஒருபக்கமாகச் சாய்கிறது. ஜப்பான் பக்கத்திலிருந்து ஒன்றாவது தேடுங்கள்.

அங்கே தெருவில் தெரிவது வலதுசாரி அமைப்புகளின் ஒலிபெருக்கி வண்டி. பெரும்பாலும் கறுப்பு வேன் அல்லது பேருந்து, கூரையில் ஒலிபெருக்கிகள், பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் முழக்கம், உள்ளே பழைய ராணுவப் பாட்டு. பிப்ரவரி 22 அன்று ஷிமானேயின் தலைநகர் மட்சுவேயில் இவை வரிசை கட்டும். வண்டியில் இருப்பவர் ஓரிருவர்தான். சத்தம் ஊரையே நிரப்பும். தூதரகங்களைச் சுற்றி ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்த 1988இலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. டோக்கியோ விதிப்படி 10 மீட்டர் தள்ளி அளந்து 85 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. ஓடும் வண்டியில் அளப்பதே சிக்கல்: கருவி வைப்பதற்குள் சத்தத்தைக் குறைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

இதைவிடக் கொடியது தூதரகத்தை விட்டுக் குடியிருப்புக்குள் நுழைந்தது. டோக்கியோவின் ஷின்-ஓகுபோ போன்ற கொரியர் வாழும் பகுதிகளில் ஸைதொகுகாய் என்ற கொரியர் எதிர்ப்பு அமைப்பு நடத்திய ஊர்வலங்கள் 2013இல் உச்சத்துக்குப் போயின. பாறைக்கும் அங்கே கடை வைத்திருக்கும் மனிதருக்கும் என்ன தொடர்பு? 2016இல் வெறுப்புப் பேச்சுக்கு எதிரான சட்டம் வந்தது, ஆனால் தண்டனை இல்லாமல். கவாசாகி நகரம்தான் 2019இல் 5 லட்சம் யென் வரை அபராதத்தோடு விதி கொண்டுவந்தது.

கூடவே மீனவர்களை மறக்காதீர்கள். 1998 மீன்பிடி ஒப்பந்தம் பாறைகளைச் சுற்றிய கடலை இரு நாட்டுக்கும் பொதுவான பகுதியாக விட்டது. நண்டுக் களத்தில் கொரியப் படகுகள் நிறைந்து தங்களுக்கு இடமில்லை என்பது ஷிமானே மீனவரின் பழைய குறை. தகேஷிமா நாள் சட்டத்துக்குப் பின்னால் அந்தக் குறையும் இருந்தது. படம் எடுக்க அதில் ஒன்றும் இல்லாததால் எந்தத் தொகுப்பிலும் வருவதில்லை.

பதில் 5: கீழைக்கடல்

மட்சுவே பற்றி ஒரு சேர்ப்பு. முதலில் மாகாண அளவில் நின்ற தகேஷிமா நாள் விழாவுக்கு 2013இலிருந்து டோக்கியோ அரசு அமைச்சரவை அலுவலகப் பிரதிநிதியை அனுப்பத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று கொரிய அதிபர் லீ மியுங்-பாக் நேரிலேயே தீவுக்குப் போயிருந்தார். அதே நாள் லண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பானை வென்ற பின் "டோக்டோ நம் மண்" என்ற அட்டையைத் தூக்கிய கால்பந்து வீரர் பார்க் ஜொங்-வூவுக்குப் பதக்கம் நிறுத்திவைக்கப்பட்டது, அடுத்த ஆண்டுதான் கைக்கு வந்தது. 2005 மார்ச்சிலும் கொரிய அரசு உடனே செய்தது பொதுமக்கள் தீவுக்குப் போக வழி திறந்தது. ஒரு பக்கம் ஒரு படி ஏறினால் மறுபக்கம் ஒரு படி. விரல் வெட்டியவர்களால் எந்தப் பக்கமும் ஒரு படிகூட இறங்கவில்லை.

மாறன்_தொகுப்பு:

முதல் படத்துக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "சியோல், 2005 மார்ச். ஷிமானே மாகாணம் 'தகேஷிமா நாள்' சட்டம் இயற்றிய வாரத்தில், ஜப்பான் தூதரகம் எதிரே அனுமதியின்றி நடந்த போராட்டம். ஒரு தாயும் மகனும் விரலை வெட்டிக்கொண்டனர். 1909இல் ஆன் ஜுங்-கன் எடுத்த சபதத்தின் சாயல் அதில் உண்டு. டோக்டோ, ஜப்பானியப் பெயர் தகேஷிமா, கொரியாவின் வசம் உள்ளது." நான்காவதிலிருந்து ஆண்டை எடுத்துவிட்டேன். பதாகையை வாசிக்க ஆள் தேடுகிறேன்.

விதிப்புத்தகம்:

"அனுமதியின்றி" என்பதை எடுத்துவிடுங்கள். அனுமதி என்ற ஒன்றே அந்தச் சட்டத்தில் இல்லை. அறிவிப்புக் கொடுத்திருந்தார்களா என்பது படத்திலிருந்து தெரியாது. "தூதரகம் எதிரே நடந்த போராட்டம்" என்று மட்டும் இருக்கட்டும்.