புதுப்பிப்பு: சதுரங்கத்தில் ஃப்ரைட் லிவர் தாக்குதலுக்குக் கறுப்பில் பதில் கிடைத்துவிட்டது

உதவிய எல்லாருக்கும் நன்றி. இந்தத் தாக்குதலில் ஜி5 கட்டத்துக்கு வந்த வெள்ளைக் குதிரை எஃப்7ல் பாய்ந்து என் ராஜாவை நடுப்பலகைக்கு இழுத்துவிடுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். நேற்று அதே நண்பருடன் மறுபடி ஆடினேன்.

பலித்தது, “5வது நகர்வில் டி5 சிப்பாயைக் குதிரையால் வெட்டாதீர்கள், மற்றக் குதிரையை ஏ5க்குக் கொண்டுபோய் மந்திரியை (பிஷப்) தாக்குங்கள்” என்ற யோசனைதான். பி5ல் செக், சி6ல் சிப்பாய் வெட்டு, எல்லாம் நீங்கள் சொன்னபடியே வந்தது.

எதிர்பாராதது 8வது நகர்வு. மந்திரி இ2க்குப் பின்வாங்கும் என்று நினைத்தேன்; ராணி எஃப்3க்கு வந்தது. யானையை பி8ல் வைத்தேன். அவர் சி6ல் வெட்டிச் செக் கொடுக்க, இரண்டு சிப்பாய் குறைந்தது. வயிறு கலங்கியது உண்மை. ஆனால் குதிரை டி7, மந்திரி இ7, யானை பி6 என்று காய்கள் வேகமாக வெளியே வந்தன. ராணி இ4க்கு ஓடியது, நான் கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது) செய்தேன். அவர் ஆசைப்பட்டு இ5 சிப்பாயையும் எடுத்தார். குதிரைகள் வெட்டுப்பட்டு, ராணி இ5ல் நின்றது. அப்புறம் யானை இ8! ராணி எஃப்4க்கு விலக, மந்திரி பி4ல் இரட்டைச் செக் (மந்திரியும் அதன் பின்னாலிருந்த யானையும் ஒரே நேரத்தில்). ராஜா எஃப்1, யானை இ1, மேட். 17 நகர்வு.

அவர் ராஜா எஃப்1க்குப் பதில் டி1க்குப் போயிருந்தால் உடனே மேட் இல்லை; ஹெச்1 யானை இ1ஐக் காக்கிறது.